இரண்டு பேர் போட்ட கசப்பு

மாக்ஸி ஊரில் ரோலண்ட் கார்மியர் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். ‘மூக்கு’ வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், கையோடு கூட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிடுவார்கள். பார்வைக்கு அப்படி ஒன்றும் விசேஷமான மூக்கு இல்லை. ஆனால் முப்பத்தெட்டு வருஷம் ஃபோர்ட்டியே பண்ணையில், பியருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற ஹாப்ஸ் பூவைக் காய வைக்கும் சூளையை ஆண்டது அந்த மூக்குதான். காய்கிற பூவில் ஒரு பிடி அள்ளி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பரபரவென்று தேய்த்து, முகத்தைக் கைக்குள் புதைத்து ஒரு இழுப்பு இழுப்பார். "இன்னும் இருபது நிமிஷம்" என்பார். மீட்டரும் கையுமாக வந்த படித்த பிள்ளைகள் அளந்து பார்ப்பார்கள். சரியாக இருபது நிமிஷம்தான் காட்டும்.

வேலையிலிருந்து நின்ற பிறகும் அவரை விடவில்லை. ஒவ்வொரு செப்டம்பரும் போர்ட்லண்டிலிருந்தும் சியாட்டிலிலிருந்தும் பியர் காய்ச்சுகிறவர்கள் அந்த வருஷத்துப் பூவைத் தேர்ந்தெடுக்க வருவார்கள். நீண்ட மேசையில் நீலத்தாள் விரித்து, அதன்மேல் தோட்டவாரியாகப் பூவைக் கட்டி கட்டியாக வெட்டி வைத்திருப்பார்கள். வந்தவர்கள் தேய்ப்பார்கள், முகர்வார்கள், ஆனால் வாய் திறக்க மாட்டார்கள். மேசைக் கோடியில் உட்கார்ந்திருக்கும் கிழவர் என்ன சொல்கிறார் என்று பார்த்துக்கொண்டு, அதையே கொஞ்சம் மாற்றித் தங்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்த மூக்குதான் போன குளிர்காலத்தில் செத்துப்போனது. பத்து நாள் காய்ச்சல், இருமல். எழுந்து உட்கார்ந்தபோது காபிக்கு மணம் இல்லை, சோப்புக்கு மணம் இல்லை. யாக்கிமா டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உப்பு, இனிப்பு, புளிப்பு, கசப்பு இதெல்லாம் நாக்கு பாத்துக்கும். மத்தது பூரா மூக்கு வேலை. அது திரும்பி வருமான்னு என்னால சொல்ல முடியாது." ரோலண்ட் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மூக்கு போனதைப் பற்றிக்கூட அவருக்கு அவ்வளவு கவலை இல்லை. எழுபத்து மூன்று வயதில் முழங்கால் போகிறது, பல் போகிறது, மூக்கும் போகட்டும். அவரை உலுக்கியது வேறு. டெல்ஃபீன் காய்ச்சிய பியரை மறுபடி யார் காய்ச்சிக் கொடுத்தாலும் இனி அவரால் ருசிக்க முடியாது. டெல்ஃபீன் அவருடைய மனைவி, போய் ஆறு வருஷம் ஆகிறது.

அந்த பியர் பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

டெல்ஃபீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். மலைச்சரிவில் பனியில் பஸ்ஸை நிறுத்தி, பின்னால் கத்துகிற நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைக்கிற மனுஷி. பொழுதுபோக்குக்கு வீட்டு கராஜில் பியர் காய்ச்சுவாள். அறுவடை முடிகிற நேரத்தில் ரோலண்ட் சூளையிலிருந்து காகிதப் பையில் பூ கொண்டுவருவார், அவள் கொப்பரையை ஏற்றுவாள். முளைகட்டிய பார்லிச் சாறு கொதி வந்ததும் போடுகிற பூ கசப்புக்கு, இறக்குகிற சமயத்தில் போடுகிற பூ வாசனைக்கு. கசப்புப் பூவை யார் போடுவது என்று அவர்களுக்குள் கணக்கு ஒன்றும் கிடையாது. யார் பக்கத்தில் நிற்கிறார்களோ அவர் போட்டுவிட்டு "போட்டாச்சு" என்று ஒரு குரல் கொடுப்பார், அவ்வளவுதான்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமை. அறுவடை வேலையில் ஆறு வாரமாகச் சரியாகத் தூங்காத ரோலண்ட் காலையில் லாரியைப் பின்னால் எடுத்து, டெல்ஃபீன் பெற்ற பிள்ளை போல வளர்த்த ஆறு தக்காளிச் செடிகள் மேலும் ஏற்றிவிட்டார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போனாள், அவருடைய பூட்ஸ் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தாள், தபால் பெட்டியைத் தாண்டி ரோட்டில் எறிந்தாள். இவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. அன்று முழுக்க இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். ஆனால் கொப்பரையில் ஏற்றின சாறு யாருக்காகவும் காத்திருக்குமா? கொதி வந்தது. அவள் ஆறு அவுன்ஸ் பூவை நிறுத்துப் போட்டுவிட்டுக் குழாயை மூட வெளியே போனாள். அந்த நேரம் பார்த்து இவர் உள்ளே வந்தார். பூ போட்டாளா இல்லையா? கேட்க மனசு வரவில்லை. கேட்டால் தோற்றமாதிரி. பையிலிருந்து ஆறு அவுன்ஸை அள்ளிப் போட்டார். அவள் திரும்பி வந்தாள். சொன்னாரா? அதுவும் இல்லை.

மூன்று வாரம் கழித்துக் குப்பியைத் திறந்தார்கள். அதற்குள் சண்டை மறந்து போயிருந்தது. டெல்ஃபீன் ஒரு வாய் குடித்தாள். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீயும் போட்டியா?"

"நீ சொன்னியா, நான் கேக்க?"

சொல்லிவிட்டு ரோலண்டும் குடித்தார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கீழே கொட்ட மட்டும் இருவருக்கும் மனம் வரவில்லை. ஒன்பது சதவீதம் வீரியம், செப்பு நிறம், மேலே தந்த நிறத்தில் நுரை. கசப்போ சாமானியக் கசப்பு இல்லை. பாதிரியார் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "இது தவக்காலத்துல குடுக்க வேண்டியதும்மா, மத்த நாள்ல குடுத்தா பாவம்" என்றார். ஆனால் அடுத்த வாரம் வந்து இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அப்படித்தான் எல்லோரும். முதல் மடக்குக்கு முகம் கோணும். இரண்டாவதுக்குத் தொண்டையிலிருந்து ஆரஞ்சுத் தோலும் பைன் மரப் பிசினும் மேலே ஏறி வரும். மூன்றாவதுக்கு ஆள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அதே மாதிரிக் காய்ச்சினார்கள். அந்த ஞாயிறு விடிந்ததும் டெல்ஃபீன் அவருடைய பூட்ஸைக் கொண்டுபோய்த் தபால் பெட்டிக்கு அந்தப் பக்கம் வைப்பாள். ஊமை நாள் ஆரம்பம் என்று அர்த்தம். கொப்பரை இறங்குகிற வரை பேச்சு கிடையாது. அவள் தன் பங்கைப் போட்டுவிட்டு வெளியே போவாள், இவர் வந்து தன் பங்கைப் போடுவார். ‘பேசாத பியர்’ என்று ஊரில் பெயர் விழுந்தது. பேசாமல் காய்ச்சுவது எல்லோருக்கும் தெரியும், ஏன் என்று யாருக்கும் தெரியாது. "அப்படி என்னதான் போடுறீங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. "அது வீட்டு விஷயம்" என்பாள் டெல்ஃபீன். அவள் எழுதி வைத்த நோட்டில்கூட ஆறு அவுன்ஸ் என்றுதான் இருக்கும். அவள் பங்கை மட்டும்தான் அவள் எழுதினாள்.

அவள் போனபின் ரோலண்ட் கொப்பரையைத் தொடவில்லை. யாரோடு பேசாமல் இருப்பது?

இந்த நோட்டுக்குத்தான் மாரிசெலா இரண்டு வருஷமாக அவர் பின்னால் அலைந்தாள். மாரிசெலா, எஃப்ரயின் ஓர்டாஸின் மகள். எஃப்ரயினும் ரோலண்டும் ஒரே சூளையில் இருபத்தாறு வருஷம் மாற்றி மாற்றித் தீ பார்த்தவர்கள். ரோலண்டின் தோளில் ஏறி வளர்ந்த பெண் மாரிசெலா. இப்போது முப்பத்தெட்டு வயதில் ஊருக்குள் சொந்தமாக பியர் காய்ச்சி விற்கிறாள். இன்னமும் அவரை நீ, வா, போ என்றுதான் பேசுவாள்.

"மாமா, அத்தையோட பியரை ஒரே ஒரு தடவ காய்ச்சறேன். நோட்டைக் குடு, பத்திரமாத் திருப்பித் தந்துடறேன்."

"ஊஹூம்."

"என்ன மாமா, இவ்ளோ கஞ்சத்தனம்! மேல போகும்போது கையோட எடுத்துட்டுப் போகப் போறியா?"

"ஆமா. அவ கேப்பா."

வெளியே அப்படித்தான் விளையாட்டாகச் சொன்னார். போன வருஷம் வரை உண்மையான காரணம் அதுதான், பிரிய மனம் வரவில்லை. இந்த வருஷம் காரணமே வேறு. அந்த பியரை ஊரே குடித்து ‘ஆகா டெல்ஃபீன்’ என்று சொல்லும். அவர் மட்டும் மரக்கட்டை நாக்கோடு நடுவில் நின்று தலையாட்ட வேண்டும். அவளை வாயில் வைத்துக்கொண்டே அவள் யாரென்று தெரியாமல் நிற்பது. அதைவிடக் காய்ச்சாமலே இருக்கட்டும் என்று நினைத்தார். பாவம், வேறு என்ன நினைப்பார்!

மூக்கு போனபின் பியரையே விட்டிருந்தார். இப்போதைய பிள்ளைகள் காய்ச்சுவதோ மாம்பழச் சாறு மாதிரிக் கலங்கலாக இருக்கும். பூவையெல்லாம் கடைசியில் கொட்டி வாசனையை எட்டு ஊருக்குப் பரப்புவார்கள், கசப்பு ஒரு சொட்டு இருக்காது. மூக்கில்லாதவருக்கு அது குளிர்ந்த தண்ணீர். ஒரு நாள் மாரிசெலா ஊற்றித் தந்ததைக் குடித்துவிட்டு "அருமை" என்றார். பொய் சொல்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

செப்டம்பர் வந்தது. மேசை போட்டார்கள். கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்களே, அதனால் போனார். எஃப்ரயினும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரோலண்ட் முதல் இரண்டு கட்டியைத் தேய்த்து, நிறத்தைப் பார்த்தும் பிசுபிசுப்பைப் பார்த்தும் எதையோ சொல்லிச் சமாளித்தார். மூன்றாவது வந்தது. முகத்தைக் கைக்குள் புதைத்து இழுத்தார். கண்ணை மூடினார். நல்ல நடிப்புதான்.

"ஆரஞ்சுத் தோல். நடுவுல கொஞ்சம் பைன். ரொம்ப அழகு."

மேசையில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏனென்றால் அந்தக் கட்டி கொடியில் பத்து நாள் அதிகமாக நின்ற பூ. வெங்காயமும் பூண்டும் சேர்த்து அரைத்து வெயிலில் வைத்தமாதிரி நாறிக்கொண்டிருந்தது. கதவோரம் நின்றவன்கூட மூக்கைத் தேய்த்தான். போர்ட்லண்டிலிருந்து வந்த தாடிக்காரர் ஒருவர் மட்டும் தன் கையை ஒரு தரம் முகர்ந்து, கிழவரை ஒரு தரம் பார்த்து, நோட்டில் ‘ஆரஞ்சு’ என்று எழுதிவிட்டிருந்தார்.

எஃப்ரயின் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "மாட்டினீங்களா! நம்ம கெழவன் வருஷத்துக்கு ஒருத்தரை இப்படித்தான் போட்டுப் பாப்பான். எழுதினது யாருப்பா? அந்தத் தாடியா? அடிச்சிருங்க, அடிச்சிருங்க."

மேசை முழுக்கச் சிரித்தது. தாடிக்காரர் காதெல்லாம் சிவந்து, எழுதினதை அடித்தார். ரோலண்டும் சிரித்தார்.

திரும்பும்போது எஃப்ரயின்தான் வண்டி ஓட்டினார். அறுத்து முடித்த தோட்டங்களில் வெறும் கம்பமும் கம்பியும் நின்றன.

"எத்தனை நாளா?" என்றார் எஃப்ரயின்.

"பிப்ரவரியிலேருந்து."

"எங்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? இருபத்தாறு வருஷம் உன் வேர்வை நாத்தத்தை நான் சகிச்சேன். உனக்கு மூக்கு போச்சுன்னு சொல்ல வாய் வரலையா?"

"சொன்னா நெஜமாயிடும்."

எஃப்ரயின் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "அதனாலதான் புள்ளைக்கு நோட்டைத் தர மாட்டேங்கற."

ரோலண்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "குடிச்சு அவ இல்லேன்னு தெரிஞ்சா, அப்பறம் எனக்கு என்னடா இருக்கு?"

எஃப்ரயின் சும்மா விடுகிற ஆள் இல்லை. "உனக்கு ருசி தெரியாட்டி போகுது. எனக்குத் தெரியும்டா. அது சரியா வந்திருக்கா இல்லையான்னு நான் சொல்றேன். உனக்காக நான் குடிக்கறேன். இதைவிட ஒரு சிநேகிதன் என்ன தியாகம் பண்ணணும்?"

ரோலண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு போய் மாரிசெலாவிடம் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கொப்பரை இறங்குகிற வரை பேசக்கூடாது. தானும் கூட இருப்பார்.

"நான் பேசாம இருக்கறதா?" என்றாள் மாரிசெலா.

"அத்தையே இருந்தாளே."

அந்த ஞாயிறு விடிந்ததும் ரோலண்ட் தன் பூட்ஸைத் தானே எடுத்துக்கொண்டு போய்த் தபால் பெட்டிக்கு அந்தப் பக்கம் வைத்தார். வீட்டுச் செருப்போடு வண்டி ஏறினார். கோட்டுப் பையில் ஒரு காகிதப் பை இருந்தது. க்ளஸ்டர் என்கிற பழைய ரகப் பூ, ஆறு அவுன்ஸ்.

மாரிசெலா சோதனைக்கு வைத்திருந்த சின்னக் கொப்பரையில் ஏற்றினாள். ஏறக்குறைய கராஜ் கொப்பரை அளவுதான். நோட்டைப் பார்த்துப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, அவரைப் பார்த்து ஏதோ கேட்க வாயைத் திறந்து திறந்து மூடினாள். கொதி வந்தது. ஆவி கூரை முட்ட எழுந்தது. அவருக்கு அது வெறும் சூடுதான். ஆறு அவுன்ஸை நிறுத்துப் போட்டாள். பின்பக்கம் வடிகுழாயில் ஏதோ அடைப்பு, பார்க்கப் போனாள்.

ரோலண்ட் முக்காலியில் ஏறினார். பையைப் பிரித்தார். ஒரு நிமிஷம் கை தயங்கியது. இவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அது பன்னிரண்டு அவுன்ஸ் என்று ஆகிவிடும், நோட்டில் ஏறிவிடும். இது அவருடைய பங்கு, அதை அவர் கேட்காமல்தான் போட வேண்டும். கவிழ்த்தார். மஞ்சள் பொடி விரலில் ஒட்டியது. பழக்கதோஷத்தில் முகர்ந்து பார்த்தார். ஒன்றும் இல்லை.

மாரிசெலா வந்தபோது அவர் முக்காலியில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து, கடை திறக்கும் முன்னால் காலை பத்து மணிக்கு மூன்று பேரும் கூடினார்கள். எஃப்ரயின் வீட்டிலிருந்து சோள மாவில் அவித்த தமாலே கட்டிக்கொண்டு வந்திருந்தார், தியாகம் பண்ணுகிறவர் வெறும் வயிற்றோடு பண்ண முடியாதாம். மாரிசெலா முதல் குவளையை ரோலண்ட் முன்னால் வைத்தாள். செப்பு நிறம். தந்த நிறத்தில் நுரை. கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

"குடி மாமா. மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்க?"

எஃப்ரயின் அவர் முதுகில் கை வைத்தார். ரோலண்ட் குவளையை எடுத்தார். முகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார்.

குளிர்ச்சி. ஈரம். லேசாக ஒரு இனிப்பு. அவ்வளவுதான். ஆரஞ்சு இல்லை, பைன் இல்லை. முடிந்தது என்று நினைத்து விழுங்கினார்.

விழுங்கின பிறகுதான் வந்தது. அடிநாக்கில் எங்கேயோ தொடங்கி, இரண்டு பக்கமும் படர்ந்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. கசப்பு. வாசனை வேண்டாம், மூக்கு வேண்டாம், யாரையும் கேட்காமல் நேராக வந்து உட்கார்கிற கசப்பு. எட்டு மாசமாக அவர் வாயில் எதுவும் இப்படித் தங்கியதே இல்லை. டாக்டர் சொன்ன மீதி வாக்கியம் அப்போதுதான் காதில் விழுந்தது. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. மூடாத கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. இன்னொரு வாய் குடித்தார். இருந்தாள். அங்கேயேதான் இருந்தாள்.

"என்னடா, தெரியுதா?" என்றார் எஃப்ரயின்.

ரோலண்ட் தலையை மட்டும் ஆட்டினார்.

"என்ன தெரியுது? என்ன நடக்குது இங்க?" என்று கேட்டுக்கொண்டே மாரிசெலா தன் குவளையைத் தூக்கி ஒரு பெரிய மடக்காகக் குடித்தாள். முகம் கோணியது. தோள் ஒரு குலுக்குக் குலுக்கியது. குவளையைக் கீழே வைத்துவிட்டு நோட்டைத் திறந்தாள். ஆறு அவுன்ஸ். ஆறு அவுன்ஸ்தான் போட்டாள், நிறுத்துப் போட்டாள். கொப்பரையைப் பார்த்தாள். முக்காலியைப் பார்த்தாள். மெதுவாகத் திரும்பி ரோலண்டை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மாமா... நீயும் போட்டியா?"

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கராஜில் கேட்ட அதே கேள்வி. இந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ரோலண்ட் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அழுதார், இரண்டும் சேர்ந்து வந்தது. கடைசியில் ஒருவழியாகச் சொன்னார்.

"நீ சொன்னியா, நான் கேக்க?"

பிறகு மீதியையும் குடித்துவிட்டுக் காலியான குவளையை அவள் பக்கம் நகர்த்தினார்.